கோப்பிக்களத்துக்காக நான் எழுதிய இரண்டு மனுக்கள்

கட்டுகஸ்தோட்டை,
9.10.1994

அன்புள்ள கிளறன்ஸ் அண்ணாவுக்கு,

தங்கை பெற்றீசியா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை அறியத்தான் ஏழு மாதமாகக் காத்திருக்கிறோம். தபாலில் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. ஆகவே இதை ரபீகாவின் கணவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு படித்த, பாலத்தடிக் கடை ரபீகாதான். அவள் கணவர் செவ்வாய்க்கிழமை தோஹாவுக்கு வருகிறார். நீங்கள் கம்பனி மாறியிருந்தாலும் விசாரித்துக் கண்டுபிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நம்முடைய உதைபந்தாட்டக் கழகத் தலைவர் பழனியாண்டி ஐயா மார்ச் மாதம் காலமாகிவிட்டார். உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோப்பிக்களம் அணியின் பழைய செம்மஞ்சள் ஜேர்சியைப் போர்த்தித்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அந்த வேகத்திலோ என்னவோ பையன்கள் இந்த வருடம் ஆறு போட்டியில் ஐந்தை வென்றார்கள். கெலிஓயாவை அவர்களுடைய மைதானத்திலேயே தோற்கடித்தார்கள். பத்து வருடத்தில் முதல் தடவையாக சி பிரிவிலிருந்து பி பிரிவுக்கு ஏறப்போகிறோம் என்று பாலத்தடியில் எல்லோரும் பேசினார்கள்.

பிறகுதான் ஐயாவின் மருமகன் முத்துலிங்கம், கழகம் தன் மாமனாரின் சொத்து என்றார். கொழும்புக் கம்பனி ஒன்று அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கிறதாம். விளையாடும் ஆட்களும் வெளியிலிருந்து வருவார்களாம். கப்டன் இருளப்பன் அண்ணன், விளையாடுகிறவர்களுக்குத்தான் கழகம் சொந்தம் என்றார். கம்பளையோடு நடந்த போட்டிக்கு ஆளுக்கொன்றாக இரண்டு கோப்பிக்களம் அணிகள் வந்து நின்றன. இரண்டுக்கும் ஒரே நிற ஜேர்சி. நடுவர் இருபத்திரண்டு பேரையும் எண்ணிவிட்டு விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கம்பளைக்காரர்கள், “நீங்களே ரெண்டு பக்கமும் நின்னு ஆடிக்குங்க, நாங்க டீ குடிச்சிட்டே பாக்குறோம்” என்று கத்தினார்கள். போட்டி அவர்களுக்கே போனது.

இனி எழுதப்போவது என் பிழை. யாரும் சொல்லி உங்கள் காதில் விழுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

நான் பட்டம் எடுத்த நாளிலிருந்து இந்த வீட்டு வரிசையில் யாருக்கு என்ன மனு வேண்டுமென்றாலும் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். சிங்களத்தில் பிழையில்லாமல் எழுத வேறு ஆள் இல்லை. போட்டி நின்ற மறுநாள் முத்துலிங்கம் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் கொடுத்தார். கழகம் தன்னுடையது என்று, போட்டிகளை நடத்தும் லீக்குக்கு ஒரு கடிதம் என்றார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இருளப்பன் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். “தங்கச்சி, நம்ம பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் எழுதித் தாங்க” என்றார். ஏற்கெனவே மற்றவருக்கு எழுதியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதையும் எழுதினேன். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டையும் ஒரே அளவு கவனத்தோடு, ஒரே ஊதாப் பேனையால், ஒரே முடிவு வாக்கியத்தோடு எழுதியிருக்கிறேன். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

போன புதன்கிழமை கண்டியில் லீக் அலுவலகத்தில் விசாரணை. சிங்களத்தைத் தமிழாக்க என்னையே கூட்டிப்போனார்கள். அங்கிருந்த அதிகாரி இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: “இத ரெண்டையும் எழுதுனது யாருன்னு கேக்குறாரு.”

இருளப்பன் அண்ணன் முத்துலிங்கத்தைப் பார்த்தார். முத்துலிங்கம் இருளப்பன் அண்ணனைப் பார்த்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு அதையே தமிழிலும் சொன்னேன்.

“ரெண்டு பக்கமும் கால வச்சிக்கிட்டு நல்லா வெளையாடுறியே, ஒன்னயே டீம்ல சேத்திருக்கலாம்” என்றார் முத்துலிங்கம். அதை நான் தாங்கிக்கொண்டேன். இருளப்பன் அண்ணன் படியிறங்கும்போது, “படிச்ச புள்ளன்னு நம்பித்தானம்மா வந்தோம்” என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

கழகம் லீக்கை ஏமாற்றுகிறது என்று எல்லாப் போட்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். இம்மாதம் இருபத்தொன்பதாம் திகதிக்குள் தீராவிட்டால் கோப்பிக்களம் என்ற பெயரையே அழித்துவிடுவார்களாம். பந்துகள் முத்துலிங்கத்தின் வீட்டில் பூட்டியிருக்கின்றன. பையன்கள் மழையில் பந்தில்லாமல் ஓடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பி காயவைத்த அந்தச் சீமெந்து, வடக்குக் கோல் பக்கம், நீங்கள் முழங்காலைக் கிழித்துக்கொண்ட இடத்தில் மறுபடி மேலே தெரிகிறது. நான் கடைக்குப் போக அந்தப் பக்கம் போவதில்லை. சுற்றிப் போகிறேன்.

ஒரு வழி இருக்கிறது, அண்ணா. கழகத்தை முதலில் பதிந்தவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதை ஏற்பதாக லீக்கில் சொன்னார்கள். முதல் பத்திரத்தில் மூன்று பெயர்கள். ஒருவர் பழனியாண்டி ஐயா. அடுத்தவர் கறுப்பையா மாமா. அவர் இந்தியாவுக்குப் போனபின் முகவரி இல்லை. மூன்றாவது நீங்கள்.

இதோடு ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று நான் எழுதித்தரப் போவதில்லை. என் எழுத்தில் இனி ஒரு சொல்லும் லீக்குக்குப் போகக்கூடாது. கழகம் யாருடையது என்று உங்கள் கையால், தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்க்க வேறு ஆளைத் தேடிக்கொள்வேன். அடியில் மட்டும் ஒரு கோடு போட்டிருக்கிறேன், கையொப்பத்துக்கு. தாளின் பின்புறம் பாலத்தடிக் கடையின் பெக்ஸ் இலக்கம் இருக்கிறது, எழுதியதை அதில் நகலாக அனுப்பிவிடலாம்.

அம்மாவுக்கு லீக் விவகாரம் எதுவும் விளங்காது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்து, “கடிதாசி வந்துச்சா?” என்று மட்டும் கேட்கிறார். நேற்று இந்தத் தாளைக் கையில் வாங்கி, கோட்டைத் தடவிப் பார்த்தார். “இதுல அவன் பேரு வருமா? வந்தா மொதல்ல எனக்குக் காட்டிட்டுத்தான் ஆபீசுக்குக் குடுக்கணும்” என்றார்.

கழகத்தைப் பற்றி எழுத உங்களுக்கு மனமில்லாவிட்டால் வேண்டாம், அண்ணா. கோட்டின் மேல் பெயரை மட்டும் போட்டு அனுப்புங்கள். இருபத்தொன்பதாம் திகதி கழிந்து வந்தாலும் பரவாயில்லை. கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் அந்தோனியார் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
பெற்றீசியா