காலி பெஞ்சுகளுக்கு ஓர் அதட்டல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நானும் என் வாலும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் நாளே நான் வகுப்புக்கு வெளியே நின்றதாக விடுதிக் காப்பாளர் உங்களுக்கு எழுதுவார். பதற வேண்டாம், அது சமூக சேவை. புதிய டீச்சரின் டஸ்டரை ஒளித்துவைக்கக் காலையிலேயே போனேன். காலடிச் சத்தம் கேட்டதும் கடைசி பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டேன். டீச்சர் வந்து, காலி பெஞ்சுகளை நடுங்கும் குரலில் அதட்டிப் பழகினார்.

"பின்னாடி யாருடா சிரிக்கிறது?"

"நான் இல்ல மிஸ்!" என்றேன், பழக்கதோஷத்தில்.

அவர் அலறிய அலறலில் சாக்பீஸ் கீழே விழுந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார், "குரல் அங்க வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மிஸ். பயம்தான் வரல. முதல்லயே ஒருத்தன வெளிய அனுப்பிடுங்க, மத்தவங்க அடங்கிடுவாங்க."

"யார அனுப்புறது?"

அறையில் என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்!

என் பழைய தலையணை உறையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

நீங்களும் வாத்தியார்தானே? பள்ளி திறக்கும் நாளில் குளியலறையில் தனியாக அதட்டிப் பழகுவீர்கள். "உள்ள யாருப்பா கூட?" என்று நான் கதவைத் தட்டிக் கிண்டல் செய்வேன். இங்கே மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். திங்கட்கிழமை உங்கள் பள்ளி திறக்கிறதே, நிதானமாக அதட்டிவிட்டுக் கிளம்புங்கள், அப்பா. கதவைத் தட்ட அங்கே ஆள் இல்லை.

உங்கள் மகன்