செண்பகம் நாலாம் வகுப்பில்தான் உட்காருவாள்

புதன் காலை, 7-7-65

அன்னம்மா,

சந்தையிலிருந்து வந்து எங்களைத் தேடாதே. உன் மகளைப் புதுப் பள்ளிக்கு நானே அழைத்துப் போகிறேன். இட்லி மூடியிருக்கிறது. நான் பன்னிரண்டுதான் தின்றேன்.

"பழைய ஸ்கூல் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் மூணாம் வகுப்புலயே இருக்கட்டும்பா, வம்பு வேண்டாம்" என்றாய் நேற்று. இருக்க மாட்டாள்! மாப்பிள்ளையின் பட்டாளம் இரண்டு வருஷத்தில் மூன்று ஊர் மாறியது பிள்ளையின் குற்றமா? மூன்று பள்ளிக் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டேன். மூன்றிலும் அதே வகுத்தல் கணக்கு. தூக்கத்திலேயே வகுக்கிறாள். நாலாவது தடவையும் படிக்க வேண்டுமா?

முப்பது வருஷப் பள்ளிக்கூடக் கிளார்க் நான். முந்நூறு தலைமையாசிரியர்களையாவது மேய்த்திருப்பேன். இந்தப் பள்ளித் தலைமையாசிரியர் அவளுக்குப் பரீட்சை வைத்துப் பார்க்கும்வரை, போலீஸே வந்தாலும் அவர் அறை வாசல் பெஞ்சைவிட்டு எழமாட்டேன்.

வெளியே போனால் சாவியை நெய்னா கடையில் கொடு.

அப்பா

பின்குறிப்பு: செருப்பு மாட்டும்போது செண்பகம் கேட்டாள்: "தாத்தா, இந்த ஸ்கூல் பிள்ளைங்க பேரை ஞாபகம் வச்சுக்கணுமா, வேணாமா?" நாலாம் வகுப்பில் எல்லார் பேரையும் மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டேன். இனி நான் தோற்று வர முடியாது.