செல்லம் அக்கா கண்ணும் ஆயிரம் வாட்டும்

மலேசியாவின் கோலா சாவா ஊரில், தன் வீட்டில் சத்தியசீலன் எழுந்தபோது மனைவி மாதவி வேலைக்குப் போயிருந்தாள். ஐஸ்பெட்டியில் சீட்டு ஒட்டியிருந்தது.

"மொதல்ல உள்ள இருக்கிற ஜூஸ குடிங்க. அப்புறமா படிங்க."

நேற்றைய சண்டைக்குச் சமாதானம் போலிருக்கிறது என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படித்தான்.

"புது கம்ப்யூட்டர் புகைஞ்சதுக்கு பக்கத்து வீட்டு செல்லம் அக்கா கண்ணு காரணமில்ல. கலர் கலரா மின்னுற ஃபேனு, கண்ணாடிப் பெட்டி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினீங்க. எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கிற பவர் சப்ளைய மட்டும், 'உள்ள கிடக்கிறத யாரு பார்க்கப் போறா'ன்னு இருக்கிறதுலயே மலிவா எடுத்தீங்க. ஸ்டிக்கர்ல ஆயிரம் வாட்டு. தூக்கிப் பார்த்தா காலி பிஸ்கட் டின்னு கனம். அதான் புகைஞ்சிருச்சு. வேலியில நின்னு அக்காவத் திட்டினீங்கல்ல, நீங்களே போயி மன்னிப்புக் கேளுங்க லா.

உங்க பொறந்த நாளுக்கு நல்ல பவர் சப்ளையா, வாரண்டியோட வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிருக்கேன். கேட்டுட்டு வந்து மாட்டுங்க.

மத்தியானத்துக்கு மீன் குழம்பு இருக்கு."

அடியில், இடமில்லாமல் பொடி எழுத்தில்:

"வீட்டுல வேற எலுமிச்சம்பழம் இல்ல. திருஷ்டிக்குன்னு கம்ப்யூட்டர்ல கட்டித் தொங்கவிட்டீங்களே, அதத்தான் பிழிஞ்சேன்."