இடப்பக்கத்து இலை

ஜனவரி 9, வியாழன்

மார்ச்சோடு கடையை மூடுகிறாராம் முதலாளி. மகளோடு போய் இருக்கப்போகிறார். இத்தனை வருடம் அவர் கடையில் சோபாவுக்குத் துணி இழுத்துக் கட்டியிருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "உனக்கென்னம்மா, கை இருக்கு, பொழைச்சுக்குவே" என்று ஆறுதல் வேறு. கை இருக்கிறது. சோபா வேண்டாமா?

அழவில்லை. நான் அழுதால் வீட்டுக்காரர் பயந்துபோவார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், பன்னிரண்டு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் மட்டும் கை கால் உதறும்.

பெரிய தெருவில் சீருடைச் சின்னம் தைக்கிற பட்டறையில் ஆள் தேவை என்று பலகை தொங்குகிறது. பேண்டு வாத்தியக்காரர்களின் தொப்பி, நீதிமன்ற அங்கி, கப்பல்காரர்களின் தோள்பட்டை, எல்லாவற்றுக்கும் தங்கக் கம்பியில் கைத்தையல். இருப்பது ஒரே இடம். மார்ச் கடைசியில் தேர்வு. அதுவரை சனிக்கிழமைகளில் அவர்களே வகுப்பு எடுக்கிறார்கள். சேர்ந்துவிட்டேன். ஊசிதானே.

ஜனவரி 10, வெள்ளி

பொடிசும் சேர்ந்திருக்கிறாள்!

என் நாத்தனாருக்கு நாற்பத்தொரு வயது ஆகியும் இந்த வீட்டில் அவள் பொடிசுதான். மாடி அறையில் இருக்கிறாள், பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிறாள். நாளெல்லாம் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை பாருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அவளும் அதே பலகையைப் பார்த்திருக்கிறாள்.

"நீங்க சேர்ந்தது எனக்குத் தெரியாது அண்ணி, சத்தியமா."

தெரியாதுதான். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும், சிவக்கவில்லை. "அதுக்கென்ன, யாருக்குக் கிடைச்சாலும் இந்த வீட்டுக்குத்தானே" என்றேன். பெரிய மனுஷி மாதிரி. ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டும். இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 11, சனி

டீச்சருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. குட்டி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் மட்டும் தலைமை ஆசிரியை.

ஆளுக்கு ஒரு மரச்சட்டம் கொடுத்தாள். நூலுக்குப் பூசத் தேன்மெழுகு. தங்கத்தை நறுக்க ஒரு கட்டைக் கத்தரிக்கோல், இதை வேறு எதற்கும் தொடக்கூடாது. நறுக்கிய துண்டு உருளாமல் இருக்க வெல்வெட் ஒட்டிய தட்டு. முடியைவிடக் கொஞ்சமே தடித்த ஊசி. என் கைப்பையில் இருந்த சாண் நீளச் சோபா ஊசியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

முதல் பாடமே எனக்குப் புதிது. தங்கம் துணிக்குள் போகவே போகாதாம். "உள்ள போறது நூல் மட்டும்தான். தங்கம் மேல படுத்திருக்கும். அதை எழுப்பாம பிடிச்சு வைக்கணும்" என்றாள். நான் பிடித்தேன். என் பிடியில் ஜரிகை தையலுக்குத் தையல் பள்ளமாக உள்ளே போய், ரம்பம் மாதிரி வந்தது.

அடுத்து ஸ்பிரிங். மெல்லிய தங்கக் கம்பியைச் சுருட்டி, நடுவில் ஓட்டையோடு செய்திருப்பது. துண்டு துண்டாக நறுக்கி மணி கோப்பது போல ஊசியில் கோத்துத் தைக்க வேண்டும். கையில் கொடுத்த உடனே இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். என்ன செய்வது, எதைக் கொடுத்தாலும் இழுத்துப் பலம் பார்ப்பது என் தொழில். அது நீண்டது. நீண்டது நீண்டதுதான், திரும்பவில்லை.

"இது போச்சு" என்றாள் குட்டி டீச்சர். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

ஆனால் சட்டத்தில் துணி கட்டியதில் என்னை அடிக்க ஆள் இல்லை. எல்லோருடைய துணியும் தொளதொள. என்னுடையதை விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. குட்டி டீச்சர் இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

விரல் நுனியெல்லாம் ஓட்டை. வலி கிடக்கட்டும், எரிச்சல்தான் தாங்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

தேர்வில் தைக்க வேண்டிய சின்னத்தைக் காட்டிவிட்டார்கள். பேண்டு தொப்பிக்கானது. நடுவில் ஒரு ஊதுகொம்பு, இடப்பக்கம் ஒரு இலை, வலப்பக்கம் ஒரு இலை. கொம்பை அவர்கள் தைத்துத் தருவார்கள், இலை இரண்டும் நாம் தைக்க வேண்டும். பட்டறையில் ஒரே தொப்பியின் இரண்டு இலையையும் இரண்டு பேர் தைப்பதும் உண்டாம். பார்த்தால் ஒரே கை தைத்தது போல இருக்க வேண்டும், அதுதான் அங்கே சட்டம்.

இலைக்கு அடியில் ஃபெல்ட் துணி வைத்து மேடு செய்து, அதன்மேல் ஸ்பிரிங் துண்டுகளைச் சாய்வாக அடுக்க வேண்டும். துண்டு ஒரு இம்மி நீளமானால் நடுவில் முதுகு தூக்கி, சுருள் பிளந்து, உள்ளே நூல் பல்லைக் காட்டும். இம்மி குறைந்தால் ஓரத்தில் ஃபெல்ட் தெரியும்.

நானும் பொடிசும் ஆளுக்கொரு இலை தைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தோம். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே, "வலது பொடிசோடது, இடது உன்னுது" என்றார்.

"அங்கேருந்தே எப்படித் தெரியுது?"

"உன்னுதுல உக்காந்தா வசதியா இருக்கும்போல."

பொடிசு சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 15, சனி

இப்போதெல்லாம் ஒரு ஏற்பாட்டில் ஓடுகிறது. பொடிசுக்குச் சட்டம் கட்ட வராது. கயிற்றைப் பிடித்து இழுக்க அவளுக்கு விரலில் தெம்பில்லை, அதை நான் கட்டிக் கொடுக்கிறேன். எனக்கு ஸ்பிரிங் நறுக்க வராது. அவள் பார்லர் ட்வீஸரால் நுனியைப் பிடித்து, கண்ணாலேயே அளந்து நறுக்கி என் தட்டில் போடுகிறாள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. ஊரில் உள்ள புருவமெல்லாம் இந்தக் கண் அளந்ததுதானே.

தங்கத்தைக் கையால் தொடவும் விடமாட்டாள். "வேர்வை பட்டா கறுத்துரும் அண்ணி. உங்க கை எப்பவும் சூடு."

கோபக்காரி கை சூடாகத்தான் இருக்கும்.

மார்ச் 1, சனி

குட்டி டீச்சர் எங்கள் சட்டங்களைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு நல்ல தையல்காரி. தேர்வுல தனித்தனியா உக்காரணும், தெரியுமில்ல?" என்றாள்.

வார்த்தையைப் பொறுக்கி எடுத்து அடித்தாள். வீட்டு வாசலில் நான்தான் சொன்னேன். "இன்னையோட நிறுத்திக்குவோம். உன் சட்டத்தை நீ கட்டு, என் கம்பியை நான் வெட்டுறேன்." சரி என்றாள், முகம் விழுந்துவிட்டது. நியாயமாகத்தான் சொன்னேன். அப்புறம் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

வருகிறது. கை வழிக்கு வருகிறது!

நூலை இழுக்கும்போது மூச்சையும் சேர்த்து இழுக்கிறேன், அதுதான் கோளாறு. சோபாவுக்கு அப்படித்தான் பழக்கம், தம் கட்டி இழுப்பது. இப்போது மூச்சை விட்டுக்கொண்டே நூலை விடுகிறேன். துண்டு அசையாமல் படுக்கிறது. இடது இலை முழுவதும் முடித்தேன், ஒன்றே ஒன்றுதான் பிளந்தது. இந்த இடம் எனக்குத்தான்.

மாடியில் பொடிசு சட்டத்தோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. டொக் என்று கீழே விழுந்தது. நான் போகவில்லை.

மார்ச் 22, சனி

தேர்வு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பட்டறைத் தலைவர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடியோடு நடமாடினார். இரட்டைக் கண்ணாடிக்காரர். பேசக்கூடாது, அவரவர் சட்டத்தை அவரவர் கட்டி, இலை இரண்டையும் முடித்துத் தர வேண்டும் என்றார்.

என் துணி ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. வலது இலையை ஆரம்பித்து, பாதி தூரம் அழகாகப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது எதிர்மேசையில் பொடிசைப் பார்த்தேன். துணி நடுவில் தொய்ந்து கிடக்கிறது. அவளோ மேலே தங்கத்தை அடுக்குகிறாள், அடடா, அப்படி ஒரு அடுக்கு. சட்டத்திலிருந்து எடுத்ததும் துணி சுருங்கி அத்தனையும் கோணிக்கொள்ளும், அவளுக்கும் தெரியும். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் குனிந்திருப்பேன். பார்க்கவில்லை, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

எழுந்து போனேன். கயிற்றை அவிழ்த்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். தைத்த இடத்தில் விரல் படவில்லை.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் இரட்டைக் கண்ணாடிக்காரர்.

"பேசக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. இப்ப நீங்கதான் பேசுறீங்க."

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். என் இடத்துக்கு வந்து ஊசியை எடுத்தால் கை நடுங்குகிறது. கயிறு இழுத்த கை அடங்க நேரமாகும், எனக்குத் தெரியாததா? இடது இலையில் மூன்று துண்டு பிளந்துவிட்டது. மாற்ற நேரமில்லை.

வழியெல்லாம் பொடிசு, "ஏன் அண்ணி எழுந்தீங்க, ஏன் எழுந்தீங்க" என்று ஒரே பாட்டு. "கண்ணை உறுத்துச்சு, எழுந்தேன். சும்மா வா" என்றேன்.

மார்ச் 26, புதன்

பொடிசுக்குக் கிடைத்துவிட்டது.

கட்டிப்பிடித்துக்கொண்டேன். சந்தோஷம்தான். வயிறும் எரிகிறது. இரண்டும் உண்மை.

மார்ச் 31, திங்கள்

சோபா கடையில் கடைசி நாள். முதலாளி என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். வளைந்த ஊசியையும் இழுப்புக் குறடையும் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பட்டறையிலிருந்து ஃபோன். இரட்டைக் கண்ணாடிக்காரரே பேசினார். சட்டம் கட்ட ஆள் வேண்டுமாம். "எங்க ஆளுங்களுக்குத் தைக்கிற நேரத்தைவிடத் துணி இழுக்கிற நேரம் ஜாஸ்தியாகுது. அன்னைக்கு நீங்க கட்டினதைத் தட்டிப் பார்த்தேன். வர்றீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கயிறு இழுக்கத்தான் நான் லாயக்கா? மூன்று மாதம் விரலெல்லாம் ஓட்டை போட்டது எதற்கு? வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "உள்ள போயிட்டா அப்புறம் எந்த மாடிக்கும் பட்டன் அமுக்கலாம். வெளியில நின்னா முடியாது" என்றார். லிஃப்டைத் தவிர வேறு உலகம் கிடையாது இந்த மனுஷருக்கு.

ஏப்ரல் 9, புதன்

போய்ச் சொல்லிவிட்டேன். "கட்டுறேன். ஆனா ஒரு சட்டம் எனக்கு வேணும். இலை தைச்சு உங்ககிட்ட காட்டுவேன். நல்லா இருந்தா தொப்பிக்குப் போகணும்."

நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "பட்டறை நேரத்துல முடியாது."

"சாப்பாட்டு நேரம் யாருது?"

"உங்களுது."

"அப்ப சரி."

மே 16, வெள்ளி

இன்றைய இலையும் போயிற்று. இரட்டைக் கண்ணாடிக்காரர் வெட்டியெடுத்துக் கழிவு டப்பாவில் போட்டார். அந்த டப்பாவில் பாதி என் தங்கம்தான்.

பொடிசு நறுக்கித் தரட்டுமா என்றாள். கையைத் தட்டிவிட்டேன்.

ஜூன் 4, புதன்

நறுக்கித் தராதே, நறுக்கக் கற்றுக்கொடு என்று நானே கேட்டுவிட்டேன். இதைக் கேட்க எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. வாய்தான் காது வரைக்கும் நீளம்.

கம்பியைப் பார்க்காமல், அது படுக்கப்போகிற இடத்தைப் பார்த்து நறுக்க வேண்டுமாம். "புருவத்துல முடியைப் பார்த்தா கோணலாயிரும் அண்ணி. முகத்தைப் பார்க்கணும்." பதிலுக்கு நான் அவளுக்குக் கயிறு இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். விரலால் இல்லை, தோளால் இழுக்க வேண்டும். கட்டி முடித்துவிட்டுத் தட்டினாள். சத்தம் வந்ததும் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

ஜூலை 18, வெள்ளி

இரட்டைக் கண்ணாடிக்காரர் என் இலையைப் பார்த்தார், திருப்பினார், பின்பக்கம் பார்த்தார். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தொப்பிக்குப் போகிற பெட்டியில் வைத்துவிட்டு, "ஜோடி எங்க?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் சட்டம், மத்தியானத்துக்கு மேல் தையல் என்று மாற்றிவிட்டார்கள். சட்டத்துக்குப் புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறார், நல்ல பலசாலி. "தோளால இழுங்க" என்று மூன்று தடவை சொல்லியாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

பூங்காவில் பேண்டு வாசித்தார்கள். வீட்டுக்காரர்தான் போகலாம் என்றார். அவருக்கு வாத்தியத்தில் ஒரு ஆசையும் கிடையாது, தொப்பி பார்க்கத்தான். பொடிசுக்குக் கால் வலி இல்லை, நடந்தே வந்தோம்.

முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அவர் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். எங்களுக்கு நேர் எதிரே பெரிய ஊதுகுழல் வாசிக்கிற தாத்தா. கன்னம் உப்பும்போதெல்லாம் தொப்பி முன்னால் சாயும், சின்னம் வெயிலில் மின்னும். நடுவில் கொம்பு, இரண்டு பக்கமும் இலை.

"இதுல யாருது எது?" என்றார் அவர்.

நன்றாகப் பார்த்தேன். பெட்டியில் இலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, யாருடையது எந்தத் தொப்பிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் என் கை எனக்குத் தெரியாமல் போய்விடுமா? வலதைப் பார்த்தேன், இடதைப் பார்த்தேன். மறுபடியும் வலது. தெரியவில்லை.

"என்னுது இடது" என்றேன், அடித்துச் சொன்னேன்.

"என்னுது இடது" என்றாள் பொடிசு, அதே நேரத்தில், அந்தப் பக்கத்திலிருந்து.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ வலது யாருது?"

நான் அவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பொடிசுக்குக் காது சிவந்திருந்தது.