உப்புக் களத்தில் காய்ந்த கம்பளம்

நேற்று பட்டறையை ஒழுங்குபடுத்தும்போது மூலையில் இருந்த ப்ரொடெக்டர் கேனின் மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு டம்ளர் அளவு மிச்சம் இருந்தது. பெயிண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே துப்பாக்கியைக் கம்பளத்தை நோக்கி நீட்டி, "யாரும் அசையக் கூடாது!" என்று மிரட்டுவாயே, அந்தக் கோலத்தில்.

கடைசி இரண்டு வருடம் நாம் அந்தக் கேனைத் தொடவே இல்லை. தூக்கிப் போடவும் நீ விடவில்லை. "இருக்கட்டும் மச்சான், அது நம்ம சர்டிபிகேட்டு" என்பாய். டெங்கு உன்னை நான்கே நாளில் கொண்டுபோனது. ஏழு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சோபா, கம்பளம் சுத்தம் செய்யும் தொழிலை ஆரம்பித்தபோது வேலையைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டோம். துணிப் பதனிடலில் டிப்ளமோ வாங்கியவன் நான், அதனால் மருந்து என் பொறுப்பு. பேச்சு உன் பொறுப்பு. வேலை முடிந்ததும் கறை பிடிக்காமலிருக்க ப்ரொடெக்டர் அடிப்போம். நீ அதன்மேல் ஒரு சொட்டு காபியை விடுவாய். அது உள்ளே இறங்காமல் முத்து மாதிரி உருண்டு நிற்கும். "பாத்தீங்களாங்க? கம்பளத்துக்கு ரெயின்கோட்டு!" வீட்டுக்காரர்கள் கை தட்டாத குறைதான்.

குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்தும் அந்த அம்மா கம்பளத்தைக் கொடுத்த நாளில், அது சாதாரண வேலை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அவரும் கணவரும் ஸ்ரீநகரில் குடியிருந்தபோது வாங்கிய சுத்தக் கம்பளி. கணவர் இப்போது இல்லை. "பாத்து செய்யுங்க தம்பி, இதுக்கு மாத்து கெடையாது" என்றார். அது நன்றாக வந்தால் பக்கத்து விடுதிகளுக்கும் நம்மைச் சொல்வதாக இருந்தார்.

துவைத்த கம்பளத்தைக் காயப்போட இடம் தேடியபோது நீதான் வழி சொன்னாய். "எங்க அப்பா உப்பளத்துல சிமெண்ட் களம் காலியா இருக்குது. காலையில போட்டா மத்தியானம் எடுத்துடலாம்." உப்பு குவித்து வைக்கும் களம். பெருக்கினோம், ஒரு தண்ணீரும் அடித்தோம். நல்ல வெயில், நல்ல காற்று. மதியம் கம்பளத்தின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், முறுமுறுவென்றிருந்தது. கேனைத் திறந்தேன்.

நீ அப்போது விளையாட்டாக பாட்டிலில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாய். நான் இன்னும் ஸ்ப்ரே அடிக்காத கம்பளத்தின்மேல். சொட்டு உருண்டு நின்றது.

"ஏம்பா, இது சும்மாவே நிக்குதே! அப்புறம் எதுக்கு ஸ்ப்ரே?"

"டேய், லேபிள்ல கம்பளிக்கும் அடிக்கலாம்னு போட்டிருக்கான். டிப்ளமோ நீயா, நானா?"

"நீதான்பா, நீதான். அடி."

அடித்தேன். உன் கேள்விக்கான பதில் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. கம்பளி இழையின் மேல்தோல் சொட்டை அப்படியே நிறுத்தும். காற்றிலிருக்கும் ஈரத்தை மட்டும் உள்ளே வாங்கி மெதுவாக விடும். சிந்தியதை உடனே ஒற்றி எடுத்துவிட்டால், பெரும்பாலான கறைக்கு அதுவே போதும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். கையில் ஸ்ப்ரே இருந்தபோது மறந்துவிட்டேன்.

பத்து நாளில் அந்த அம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தோம். கம்பளம் பொழுது சாயச் சாய நனைந்துகொண்டிருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கடல் காற்று ஏறினால் ஈரமாகும், மறுநாள் வெயில் ஏறினால் காயும். மென்மையாக இருந்த இழைகள் குச்சி குச்சியாக ஒட்டிக்கொண்டிருந்தன. நடந்த இடமெல்லாம் புழுதி அப்பிக் கறுத்திருந்தது. வெள்ளைப் பூக்கள் மஞ்சளடித்திருந்தன. அறை முழுக்க நனைந்த ஆட்டு வாடை.

நீ குனிந்து கம்பளத்தைப் புரட்டி, அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தாய். என்னைப் பார்த்தாய். உப்பு. வருடக்கணக்கில் உப்பு ஊறிய சிமெண்டின்மேல் ஈரக் கம்பளத்தை விரித்திருக்கிறோம். ஈரம் அந்த உப்பைக் கரைத்து மேலே இழுத்திருக்கிறது; அந்த உப்புதான் கடல் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் ஈரம் போகும் முன்பே நான் ப்ரொடெக்டர் அடித்து, உப்பு, மிச்சமிருந்த சோப்பு எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டேன்.

இதற்குள் அந்த அம்மாவே நமக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "கடலோரமா இருந்தா இப்படித்தான் ஆவும் போலிருக்குது. உங்களைச் சொல்லி என்ன தம்பி?"

தலையை ஆட்டினால் போதும், தப்பித்திருக்கலாம். முகத்துக்கு நேராகப் பேசுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய நான் என்ன செய்தேன்? சுவரில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனிக்க இனிக்கப் பேசி ஊரை ஏமாற்றுகிறாய் என்று நான் கேலி செய்த நீதான் வாயைத் திறந்தாய்.

"இல்லீங்கம்மா. காத்து மேல தப்பு இல்ல. நாங்கதான் கெடுத்தோம்."

அவர் முகம் மாறியது. கம்பளத்தின் ஓரக் குஞ்சத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிபண்ண முடியுமா?" என்றார். நீ என் முதுகில் ஒரு தட்டு தட்டினாய். "அது இவன் வேலைங்க. படிச்சவன்."

சரிபண்ண முழுசாகப் பதினொரு நாள் ஆயிற்று. உப்பைக் கழுவ ஊற்றிய தண்ணீரும் உள்ளே போகாமல் உருண்டு ஓடியபோது, "ரெயின்கோட்டு நல்லா வேலை செய்யுதுடா" என்றாய். நான் கெட்ட வார்த்தை சொன்னேன், நீ சிரித்தாய். அமிலம் லேசாகக் கலந்த தண்ணீரை அடிப்பக்கத்திலிருந்து ஏற்றி, உறிஞ்சி எடுத்து, மறுபடி ஏற்றி, மூடிய ஹாலில் மின்விசிறிக் காற்றில் காயவைத்தோம். வாடை போனது, பிசுபிசுப்பு போனது. ஒரு பக்க ஓரத்தில் பழைய மென்மை வரவேயில்லை. அதையும் நீயே கையால் தொட்டுக் காட்டி அவரிடம் சொன்னாய். அவர் அந்த ஓரத்தைக் கட்டிலுக்கு அடியில் போகும்படி விரித்துக்கொண்டார். அடுத்த மாதமே பக்கத்து விடுதியிலிருந்து ஆள் வந்தது.

பழி யாருடையது என்று, தப்பை ஒத்துக்கொண்ட அன்று திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. "களம் எங்களுது, தப்பு என்னுது" என்றாய், "கேன் என்னுது, தப்பும் என்னுது" என்றேன். மரக்காணம் வரும்வரை தீரவில்லை. இப்போதும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை: கேன்தான்.

கம்பளிக்கு ப்ரொடெக்டர் கேட்கிறவர்களிடம் இன்று இரண்டே வார்த்தை: "வேணாங்க. தேவையில்லை." கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனாலும் சரி. மேல்பக்கத்தை நம்புவதை விட்டுவிட்டேன். அடிப்பக்கத்தில் புறங்கையை வைத்துச் சில்லென்று இல்லாத பிறகுதான் சுருட்டுகிறேன். தொழில் நன்றாகவே ஓடுகிறது. இந்தக் கரையில் கம்பளியை என்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். நீ இருந்தால் சிரிப்பாய். சிரி.

போன வாரம் அனுமந்தை பக்கத்தில் ஒரு வீடு. கம்பளத்தின் சாயம் நிற்குமா என்று ஓரத்தில் சோதிக்காமல் அவசரப்பட்டேன். சிவப்பு கரைந்து வெள்ளைக் கரையில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எங்க பாப்பா ஏதாவது கொட்டியிருப்பா" என்றார். மறுபடி அதே திறந்த வழி. இந்தத் தடவை நான் சுவிட்சைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. நாங்கதான் கெடுத்தோம். ரெண்டு நாள் குடுங்க, எடுத்துடறேன்."

அவர் எனக்குப் பின்னால் வாசல்வரை எட்டிப் பார்த்தார். "நாங்கன்னா? நீ ஒருத்தன்தானப்பா வந்திருக்க?"

"ரெண்டு பேருதாங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பளத்தைப் புரட்டினேன்.