அவள் பரீட்சைக்கு என் முதுகு

மார்ச் 4, செவ்வாய்

பஸ் ஓட்டிவிட்டு வந்து குப்புறப் படுத்தால் போதுமாம், வேறு வேலையே இல்லையாம். அப்படி ஆசை காட்டித்தான் கூப்பிட்டாள் என் மனைவி. சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, என் விலாவில் கை வைத்தாளோ இல்லையோ, கூச்சம் தாங்காமல் உருண்டு கீழே விழுந்தேன்.

"மானத்தை வாங்காதீங்க! பரீட்சைக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு."

மருந்தில்லாமல் கையாலேயே உடம்பு வலியைப் போக்கும் கைச்சிகிச்சைப் படிப்பு. போன தடவை தன் தங்கச்சியைப் படுக்க வைத்துச் செய்முறைத் தேர்வில் கோட்டைவிட்டாள். கை அவசரப்படுகிறது என்றார்களாம். இந்த முறையும் போனால் பழையபடி கணக்கு எழுதப் போய்விடுவாளாம். அந்த வேலையில் அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 7

இன்று எனக்குப் பாடம் நடந்தது. தோலுக்கடியில் தசைகளையெல்லாம் போர்த்திக்கொண்டு ஒரு மெல்லிய படலம் உடம்பு முழுக்க ஓடுகிறதாம். ஃபேசியா என்று பேர். என் சட்டை நுனியை வெடுக்கென்று இழுத்தாள். காலர் கழுத்தை இறுக்கியது.

"வலி ஓரிடம், பிடிப்பு வேறிடம். புரியுதா?"

பிசையக் கூடாது. கையை வைத்து, லேசாக இழுத்துப் பிடித்து, காத்திருக்க வேண்டும். தானாக இளகும். ஏன் இளகுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம்! ஒன்று: மெதுவாக வைத்தால் கூச்சமே இல்லை.

மார்ச் 11

காத்திருப்பதா, அவளா? பால் பொங்குமுன் பத்து தடவை எட்டிப் பார்ப்பவள்.

மார்ச் 14

"கல்லு மாதிரி இருக்கு. என் கைக்கு ஒண்ணுமே தெரியலங்க" என்று கண் கலங்கினாள். மனசு கேட்கவில்லை. "அட, பிடிப்பு விட்டுடுச்சு! என்ன சுகம்!" என்று அளந்துவிட்டேன். குழந்தை மாதிரி குதித்தாள். தோள்பட்டை என்னவோ அப்படியேதான் இருந்தது. தப்பா? இருக்கட்டும், தெம்பாகவாவது இருப்பாள்.

மார்ச் 17

தினமும் அளக்கிறேன். இன்று அவள் குதிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

மார்ச் 19

பரீட்சை. தேர்வாளர் அம்மா குறிப்பேட்டோடு எதிரில் நின்றார். என் வலது தோள்பட்டையில் இவள் கை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"விட்டுடுச்சு மேடம், நல்லாவே விட்டுடுச்சு."

"இல்ல மேடம்" என்றாள் இவள். "இன்னும் விடல. இவர் எனக்காகப் பொய் சொல்றார்."

போச்சு, எல்லாம் போச்சு! நான்தான் கெடுத்தேன்! அவள் அசையவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் — எப்படி எழுதுவது? — அந்தக் கைக்கடியில் ஏதோ மெல்ல நழுவி, தோள் தானாக மேசையில் இறங்கியது.

"இப்பதான் விடுது" என்றாள்.

தேர்வாளர் அம்மா பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். "ஆமா" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து, பொய்க்காரன் என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பாஸ்! பாஸ்! என்னைத் தேர்வாளர் அம்மா எதிரிலேயே பொய்யன் என்றதற்கு இவ்வளவு பெருமைப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

ஏப்ரல் 6

எங்கள் பஸ் கண்டக்டர் வந்து சாப்பாட்டு மேசையில் குப்புறப் படுத்திருக்கிறார். நான் வாசற்படியில் தட்டோடு.

"எவ்வளவு நேரமாகும்மா?" என்றேன் அவளிடம்.

"ஷ்ஷ்."

பசி வயிற்றைக் கிள்ளுகிறது. ஆகட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும்.