உன் அண்ணனுக்காக நீ வளர்த்த மீன்கள்

இன்று காலை மீன்களுக்கு இரை போட, உப்புநீரில் இறால்குஞ்சு பொரிய வைத்திருந்த ஜாடியைத் திறந்தேன். கவிச்சை வாடை முகத்தில் அடித்ததும் உன் நினைவுதான் வந்தது. ஆய்வகம் முடிந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ஊர் திரும்பும்போது நம் துப்பட்டாவெல்லாம் இதே வாடை. எதிரில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். நீ காலை நீட்டிக்கொண்டு, "நல்லதுதான்டி, கவரைப்பேட்டை வரிக்கும் நிம்மதியா போலாம்" என்பாய்.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் ஆராய்ச்சியில் சேர்ந்தோம். எனக்கு வரிக்குதிரை மீனைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். விரல் நீளம்கூட இல்லாத மீன். அதன் குஞ்சு கண்ணாடிபோல இருக்கும். இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். நீ வந்த காரணம் வேறு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உன் அம்மா நீ பள்ளியில் படிக்கும்போதே திடீரென்று இறந்துபோனார். அப்புறம் உன் அண்ணன், இரும்புக் கம்பி ஆலைக்கு வேலைக்குப் போன இடத்தில் வாசலிலேயே சுருண்டு விழுந்து இறந்தான். குடித்துவிட்டு வந்து வெயிலில் விழுந்தான் என்று பேசிக்கொண்டார்கள். அதே ஆலையில் வேலை பார்த்த உன் அப்பா அதை நம்பினார். வெட்கத்தில் மகனின் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை. நீ நம்பவில்லை, அதனால்தான் ஆராய்ச்சிக்கே வந்தாய்.

பிறகு உனக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத் தசை பலவீனமாகி, இதயம் வீங்கியிருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தது. அதுதான் காரணமா என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே மாற்றத்தை மீனில் செய்து பார்க்கலாம் என்று நீ கேட்டபோது நம் பேராசிரியர் தயங்கினார். உன் குடும்ப விஷயத்தை உன்னால் ஒருதலையாக இல்லாமல் பார்க்க முடியுமா என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நீ கோபப்படவில்லை. "நான் பாக்கல சார். இவ பாக்கட்டும். எது எந்த மீனுன்னு இவளுக்கும் சொல்லாதீங்க" என்றாய்.

அப்படித்தான் நடந்தது. முட்டைகளில் நீ ஊசி போட்டாய். முதலில் பல செத்தன. பிழைத்தவற்றில் மாற்றம் ஏறவில்லை. வேறு வேலை பார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நீ மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி முட்டை சேகரிக்கப் போனாய். கடைசியில் ஒரு மீனில் மாற்றம் ஏறியது. அதன் பேரக்குஞ்சுகள் தட்டுகளில் என் முன்னால் வந்தன. சில குஞ்சுகளின் இதயம் பலூன்போல உப்பியிருந்தது. ரத்தம் தயங்கித் தயங்கி ஓடியது. பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் ரகசியக் குறியீட்டைப் பிரித்துப் பார்த்தார். உப்பியவை எல்லாம் உன் மாற்றத்தைச் சுமந்தவை.

எனக்கு அழுகை வந்தது. உன் நோய்க்கு அந்த மாற்றம்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டதே என்று நான் அழுதேன். நீ அண்ணியையும் அண்ணன் மகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனாய். அண்ணியிடம் அந்த மாற்றம் இல்லை, குழந்தையிடம் இருந்தது. அப்படியானால் அது அண்ணனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தாய். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அப்ப எம்புள்ள குடிச்சிட்டு வுழலியாம்மா?"

"மீனு அத சொல்லாது நைனா. குடிக்காட்டியும் வுழுந்திருக்கலாம்னுதான் சொல்லுது."

அந்த நேரத்திலும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் நீ சொல்லவில்லை. உன்மேல் எனக்கு இருந்த பிரியம் மரியாதையாகவும் மாறியது அன்றுதான். அவருக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். "காலைல பூ போட்டுக்கினு இன்னாமோ பேசிக்கினே இருக்காருடி" என்று என் காதில் சொன்னாய்.

உனக்கு மாற்று இதயம் கிடைக்கும் என்று காத்திருந்தோம். கிடைக்கவில்லை. மருத்துவமனையில் கடைசியாகப் பேசியபோதும், தொட்டித் தண்ணீரை மாற்றினேனா என்றுதான் விசாரித்தாய்.

உன் மீன்களின் வம்சத்தை நான் வளர்த்து வருகிறேன். இதயம் உப்புவதைத் தள்ளிப்போடும் மருந்து ஏதாவது உண்டா என்று அவற்றில்தான் தேடுகிறோம். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. தேடுகிறோம்.

உன் அண்ணன் மகள் கல்லூரிக்குப் போகிறாள். சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டதால் மாத்திரை, பரிசோதனை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. நேற்றுப் போனில் கூப்பிட்டாள். "ஸ்கேன் நல்லா இருக்குதாம், அத்தை" என்றாள். நீ போன பிறகு அவளாகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். அது உன் முறை, எனக்கு வேண்டாம் என்று முதலில் திருத்தப் பார்த்தேன். இப்போதெல்லாம் "சொல்லுடா" என்கிறேன்.